கடவுள் வேண்டாதவர்களுக்கு ஒரு பிள்ளையார் சுழி

கறுப்புத் தட்டு மேசையில் இருந்தது. அதில் என் முகம் தெரிந்தது. ஹெர் கெல்லர் தன் வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து எழுத்தூசியை எடுத்துத் துணியில் துடைத்து, கூர் தன் பக்கம் இருக்கும்படி திருப்பி, என்னிடம் நீட்டினார்.

“இந்த இசைத்தட்டின் இரண்டு பக்கமும் பிழையில்லாமல் வந்தால், ஃப்ரொய்லைன் மாலினி, இந்த மேசை உங்களுடையது.”

சும்மா வாக்குக் கொடுக்கிற மனிதர் அல்ல அவர். மழை வரும் என்று சொல்வதற்குக்கூட வானொலிச் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வார்.

சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்தில் உள்ள ஊஸ்டரில், ஓடைக்கரையில் இருந்த ஒரு பழைய நூல் ஆலைக் கட்டடம் அது. கீழ்த்தளத்தில் இசைத்தட்டுகளை அச்சடிக்கும் இயந்திரங்கள். மேலே, நாங்கள் நின்ற அறையில், பாட்டை முதன்முதலாக ஒரு தட்டில் கீறும் இயந்திரம். அலுமினியத்தின் மேல் நகப்பூச்சுப் போன்ற ஒரு அரக்கைப் பூசிய தட்டு அது. பக்கத்துக்கு ஒன்று. மூலத்தட்டு என்று சொல்லலாம். அதிலிருந்து நிக்கல் அச்சு, அச்சிலிருந்து கடைக்குப் போகும் தட்டுகள்.

கடைசிப் பாட்டு முடிந்த பிறகு, நடுவே ஒட்டும் தாளுக்கு முன்னால், பளபளவென்று ஒரு வெறும் வளையம் இருக்கும். அதில் தட்டின் எண்ணைக் கையால் கீற வேண்டும். அதுதான் என் வேலை. கீறினால் கீறினதுதான். அரக்கில் அழிறப்பர் செல்லாது.

மணிக்கட்டை மரத்தாங்கியில் வைத்து, மூச்சை அடக்கி, எழுதினேன்.

ஹெர் கெல்லர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

“எண் மிக அழகாக இருக்கிறது” என்றார். “எண்ணுக்கு முன்னால் இருப்பது என்ன?”

நானும் குனிந்து பார்த்தேன். எண்ணுக்கு முன்னால், அச்சில் வார்த்த மாதிரி, ஒரு பிள்ளையார் சுழி. கீழே இரண்டு கோடுகள்கூட இழுத்திருந்தேன்.

எதன் மேல் போட்டேன் என்றால்

அது மலைக்காரர் மாதிரிக் கூவிப் பாடும் ஒரு யோடல் சங்கத்தின் தட்டாக இருந்திருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும். அல்ல.

சூரிச்சிலிருந்து வந்த ஒரு ஹார்ட்கோர் பங்க் குழுவின் தட்டு. குழுவின் பெயர் ‘டோலன்டெக்கல்’. தெருவில் சாக்கடை மூடியிருக்கும் அல்லவா, அந்த இரும்பு மூடிக்கு இந்த ஊரில் அப்படிப் பெயர். தட்டின் தலைப்பு, தமிழில் சொன்னால், ‘கடவுளா? வேண்டாம், நன்றி.’

உறையில் ஒரு மலைச்சரிவு. அதில் ஒரு பசு. பசுவின் தலையில் தளபதியின் தொப்பி. பின்னால் தேசியக் கொடியின் வெள்ளைச் சிலுவை, அதுவும் ஒரு சாக்கடை மூடியின் மேல். உறை அச்சடிக்கக் கேட்ட அச்சகம் படத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டது. குழு தானே ஒரு நிலவறையில் பட்டுத்துணிச் சட்டம் வைத்து, மை தோய்த்து, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தது. கீழே பொதி கட்டும் ஃப்ராவ் புரூன்னர் அந்த உறைகளை எல்லாம் முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்துத்தான் வேலை செய்தார். ஆனால் ஒரு மூலைகூட மடங்காமல் பொதி கட்டினார். பிடிக்காத பொருளையும் ஒழுங்காகப் பொதி கட்டுவது இந்த நாட்டில் ஒரு மதம்.

பாட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டு முடிவதற்குள் தேநீரில் சீனி கரையாது. கிட்டாரும் மேளமும் ஒன்றை ஒன்று துரத்த, ரெகுலா என்ற பெண் அவற்றுக்கு மேலே நின்று கத்துவாள். ராணுவத்துக்கு ஒரு பாட்டு, வங்கிக்கு ஒரு பாட்டு, ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டக் கூடாது என்ற சட்டத்துக்கு ஒரு பாட்டு. முதல் முறை கேட்டபோது இயந்திரம் பழுதாகிவிட்டது என்று நினைத்து ஆளியை அணைக்கக் கை நீட்டினேன். ஹெர் கெல்லர் தடுத்தார். கழுத்துப்பட்டி கட்டி, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, தேவாலயத்து ஓர்கனுக்குச் செய்யும் அதே கவனத்தோடு அதைக் கீறிக்கொண்டிருந்தார்.

“இது சத்தம்தான்” என்றார். “ஆனால் அவர்கள் கேட்ட சத்தம். ஒரு துளியும் குறையக் கூடாது.”

ஒரு வாரம் அதை அடுத்தடுத்துக் கேட்டதில் எனக்கு ஒரு நன்மையும் கிடைத்தது. மாலையில் ஜெர்மன் வகுப்பில் ஆசிரியை கட்டளை வாக்கியம் ஒன்று சொல்லும்படி கேட்டார். மற்றவர்கள் ‘ஜன்னலைத் திற’, ‘உட்கார்’ என்றார்கள். எனக்கு மனப்பாடமாக வந்தது ‘உன் வங்கியைத் தூக்கி உன் வாயில் அடை.’ ஆசிரியை சற்று யோசித்துவிட்டு, உச்சரிப்பு நன்றாக முன்னேறியிருக்கிறது என்றார்.

கையின் வழக்கம்

யாழ்ப்பாணத்தில் நான் படித்தது படவரைஞர் பயிற்சி. கோடு, வட்டம், அளவு, எழுத்து. எழுத்து என்றால் சொந்தக் கையெழுத்து அல்ல. யார் எழுதியது என்று தெரியாத நேர்த்தியான எழுத்து. பிறகு நாடு இருந்த நிலையில் வரைவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. துன் நகரத்து ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்பு மடித்தேன். விரிப்புகளின் நான்கு மூலையும் செங்கோணத்தில் இருந்தன. அதைப் பாராட்ட ஆள் இல்லை. ஊஸ்டர் மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்த அண்ணையிடம் வந்த பிறகு, ஆலையில் பொதி கட்டும் வேலை கிடைத்தது. பெட்டிகளில் நான் எழுதிய முகவரிகளைப் பார்த்துத்தான் ஹெர் கெல்லர் மேலே கூப்பிட்டார். அவருடைய கை சில மாதங்களாக நடுங்கத் தொடங்கியிருந்தது. அவர் எழுதிய எண்களைப் பார்த்தால் ஒன்று ஏழாகவும் ஏழு ஒன்றாகவும் தெரியும்.

அந்த மேசை எனக்கு என்ன என்பது இப்போது விளங்கும். கடல் கடந்த பிறகு, நான் படித்த வேலையை நான் செய்யும் முதல் இடம் அது. கிடைக்காவிட்டால் மறுபடி ஃப்ராவ் புரூன்னரின் பக்கத்தில் பொதி.

அதனால்தான் கை தன் வழக்கத்தைச் செய்துவிட்டது என்று நினைக்கிறேன். பெரிய காரியம் தொடங்குகிறது என்று கைக்கு விளங்கிவிட்டது. நான் சுழி போட்ட இடங்களைப் பட்டியலிட்டால் வெட்கமாக இருக்கும்: பள்ளிக் கொப்பிகள், பரீட்சைத் தாள்கள், வரைபடங்கள், மரக்கறி வாங்கும் துண்டு, குளிர்சாதனப் பெட்டியில் அண்ணைக்கு ஒட்டும் குறிப்பு. அகதி விண்ணப்பத்தின் தலையிலும் போட்டேன். அதிகாரி அதை என் சுருக்கொப்பம் என்று நினைத்து, கடைசிப் பக்கத்திலும் ஒன்று போடச் சொன்னார்.

எலி

ஹெர் கெல்லர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துவிட்டு, “தட்டு அவர்களுடையது. அவர்களே பார்க்கட்டும்” என்று குழுவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

அடுத்த ரயிலில் இருவர் வந்தார்கள். ரெகுலாவின் தலை மழித்திருந்தது. ராணுவத்துப் பழைய கோட்டு, அதன் மேல்பையில் ஒரு வளர்ப்பு எலி. எலியின் பெயர் டிரெக்டர், கம்பனியின் மேலாளர் என்று அர்த்தம். கூட வந்தவன் கிட்டார் வாசிக்கும் ஊர்ஸ். அவனுடைய தலைமயிர் பச்சை, ஆனால் ரயில் சீட்டைக் கசங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தான்.

அவர்கள் பேசியது சூரிச் ஜெர்மன். என் காதில் அது எப்போதும் எங்கள் ஊர்த் தமிழாகவே விழும். விழுந்தபடி எழுதுகிறேன்.

ரெகுலா உருப்பெருக்கியில் பார்த்தாள். “இது என்ன?”

“பிள்ளையார் சுழி. நாங்கள் என்ன எழுதத் தொடங்கினாலும் முதல்ல இதைத்தான் போடுறது. காரியம் தடையில்லாமல் முடிய வேணுமெண்டு ஒரு கடவுளைக் கேக்கிறம்.”

‘கடவுள்’ என்றதும் ஊர்ஸ் சுவரில் தலையைச் சாய்த்தான்.

“ரெகுலா, தட்டின்ர பேர் என்ன? உள்ளுக்க ஒரு கடவுளை வைச்சு வித்தால் எங்களைப் பாத்துச் சிரிக்க மாட்டினமோ?”

“உன்னைப் பாத்து இப்பவும் சிரிக்கினம்தானே.” அவள் என் பக்கம் திரும்பினாள். “ஆர் உன்னைப் போடச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. கை தானாப் போட்டது.”

“உன்ர கடவுள் ராணுவத்தை ஆசீர்வதிக்கிறவரோ?”

“தெரியேல்லை. ஆனைத் தலை, பெரிய வயிறு. மோதகம் எண்டால் உயிர்.”

“வங்கி?”

“வைச்சிருக்கிறதாக் கேள்விப்படேல்லை.”

“எதில போவார்?”

“எலியில.”

டிரெக்டர் பையிலிருந்து தலையை நீட்டி மீசையை ஆட்டியது.

“எலியிலயோ?”

“ஓம்.”

“ஆனை, எலியில?”

“ஓம்.”

“எலிக்கு நோகாதோ?”

எத்தனையோ தலைமுறையாகக் கும்பிட்டு வருகிறோம். ஒருவரும் இதைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. “இதுவரைக்கும் முறைப்பாடு ஒண்டும் வரேல்லை” என்றேன்.

ரெகுலா சிரிக்கத் தொடங்கினாள். கத்துகிற தொண்டை என்பதால் சிரிப்பும் கத்தலாகவே வந்தது. டிரெக்டரைப் பையிலிருந்து தூக்கி, “பாரடா, உனக்கொரு முதலாளி இருக்கிறாராம்” என்று சுழியைக் காட்டப் போனாள். ஹெர் கெல்லர் இரண்டு கைகளையும் தட்டின் மேல் குடை மாதிரிப் பிடித்து, “விலங்குகள் மூலத்தட்டுக்கு அருகில் வரக் கூடாது” என்றார். அதற்கு ஏற்கெனவே ஒரு விதி இருப்பது போன்ற குரல்.

“இருக்கட்டும்” என்றாள் ரெகுலா. “எலியில போறவர் எங்கட ஆள்.”

ஊர்ஸ் கொஞ்சம் யோசித்தான். “அப்பிடியெண்டால் ரெண்டு பக்கத்திலயும் இருக்க வேணும். ஒரு பக்கத்தில இருந்தால் அது பிழை. ரெண்டு பக்கத்திலயும் இருந்தால் அது கொள்கை.”

பச்சைத் தலைக்குள் இருந்த சுவிஸ்காரன் அன்றுதான் வெளியே வந்தான். ஹெர் கெல்லர் அவனை முதல் முறையாக மதிப்போடு பார்த்தார். வேலைத் தாளில் ‘வாடிக்கையாளர் விருப்பம்: எண்ணுக்கு முன் ஒரு குறி’ என்று எழுதி அடிக்கோடிட்டார்.

இரண்டாம் பக்கம்

சிக்கல் அப்போதுதான் தொடங்கியது. இரண்டாவது மூலத்தட்டை என் முன்னால் வைத்தார்கள். மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். எலியும் பார்த்தது.

எனக்குச் சுழி வரவில்லை.

கழிவுத் தட்டு ஒன்றில் போட்டுப் பார்த்தேன். தூண்டில் முள் வந்தது. அடுத்தது நத்தை. அதற்கடுத்தது காது. நினைவு தெரிந்த நாள் முதல் கை கேட்காமலே போட்ட ஒன்று, போடு என்றதும் மாட்டேன் என்றது. ஹெர் கெல்லர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றார். அந்த முயற்சி எனக்கு நன்றாகத் தெரிந்தது. மேசை என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

“என்ன பிரச்சினை?” என்றாள் ரெகுலா.

“இது தனியாப் போடுற சாமானில்லை. இதுக்குப் பிறகு என்னவோ எழுத இருக்க வேணும். எண் எனக்குப் பழகிப் போச்சு. புதுசா ஏதாவது எழுதத் தாங்கோ.”

இந்த மாதிரிக் குழுக்கள் அந்த வெறும் வளையத்தில் ஒரு வாசகம் கீறச் சொல்வது உண்டு. இருவரும் கிசுகிசுத்தார்கள். ஊர்ஸ் ஏதோ புரட்சிகரமாகச் சொன்னான். ரெகுலா வேண்டாம் என்றாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது.

“எங்கட வீட்டுப் படிக்கட்டில ஒரு அறிவித்தல் இருக்கு. நான் பிறந்த நாளிலயிருந்து அதைத்தான் வாசிக்கிறன். ‘கதவை மெதுவாகச் சாத்தவும்.’ அதை எழுது. உன்ர மொழியில எழுது.”

ஹெர் கெல்லர் அதையும், எண்ணுக்கு முன்னால் என்று, வேலைத் தாளில் சேர்த்தார். நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே ஊசியை வைத்தேன். என்ன எழுதுவது, சாத்தவும் என்பதா மூடவும் என்பதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் கை சுழியைப் போட்டு, இரண்டு கோடும் இழுத்து, அடுத்த எழுத்துக்குப் போயிருந்தது.

பிறகு நடந்தவை

என் மேசை என்ன ஆயிற்று என்று சொல்வதற்கு முன்னால், அந்தத் தட்டு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு வானொலியும் அதைப் போடவில்லை. கடைகள் மேசைக்கு அடியில் வைத்து விற்றன. ஒரு பத்திரிகை, நாட்டை அவமதித்துவிட்டார்கள் என்று எழுதியது. அதைப் படித்தவர்கள் போய் வாங்கினார்கள். வாங்கிய பிள்ளைகளில் பாதிப்பேர் தாங்களும் ஒரு குழு தொடங்கினார்கள். ஒரு பாட்டு அவ்வளவு சிறியதாக இருக்கலாம், உறையை நிலவறையில் அடிக்கலாம், கிட்டார் பாதி தெரிந்தாலே போதும் என்று அந்தத் தட்டுத்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. டோலன்டெக்கல் சில கோடைகளுக்குள் கலைந்துவிட்டது. ஊர்ஸ் இப்போது ரயில்வேயில் இருக்கிறான். அந்தப் பிள்ளைகள் இன்னும் ஒலிநாடாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் படியேறி வருகிறார்கள்.

சுழியும் நடக்கத் தொடங்கியது. தோல்சட்டைகளில் வெள்ளை மையால், மேளத்தின் முகத்தில், பிரெஞ்சு பேசும் ரெனான் ஊரில் ஒரு பாலத்தின் அடியில். அது என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. கொக்கி, நத்தை, புள்ளியில்லாத கேள்விக்குறி என்று அவர்களின் கையெழுத்துப் பத்திரிகைகளில் விவாதம் நடந்தது. ரெகுலா வாய் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ஊஸ்டர் ரயில் நிலையச் சுரங்கப்பாதையில், சாமான் பைகளோடு அண்ணை திடீரென்று நின்றார். சுவரில் ஆளுயரத்துக்குக் கறுப்புச் சுழி. அவருடைய பார்வை சப்பாத்துக்குப் போனது. கழற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கிறார் என்று விளங்கியது.

“மாலி, எங்கட ஆள் ஆரோ இஞ்ச கடை திறக்கப் போறான் போல.”

“எங்கட ஆளில்லை அண்ணை. பச்சைத் தலைமயிர் ஆக்கள்.”

“சைவமோ?”

“கடவுள் வேண்டாம் எண்டு பாடுற ஆக்கள்.”

“பிள்ளையாரையுமோ?”

“அவரை மட்டும் விட்டிட்டினம்.”

அண்ணை தலையாட்டினார். “அவரோட ஆருக்கும் கோவம் வராது” என்று பைகளைத் தூக்கினார். அடுத்த வாரம் அந்தச் சுழியின் மேல் யாரோ சந்தனம் வைத்து, கீழே ஒரு செவ்வந்திப் பூவும் வைத்திருந்தார்கள். அதற்கடுத்த வாரம் பூவுக்குப் பக்கத்தில் ஒரு பியர்ப் போத்தல், திறக்காமல், காணிக்கையாக. இரண்டு தரப்பும் ஒன்றை ஒன்று பார்த்ததாகத் தெரியவில்லை. நகரசபை மூன்றையும் கழுவியது.

தமிழ் வாசகம் அதைவிடத் தூரம் போனது. துன் ஹோட்டலில் என்னோடு விரிப்பு மடித்த கமலா அக்கா தொலைபேசியில் சொன்னது இது. முதுகு முழுக்கத் தமிழ் எழுதிய சட்டையோடு ஒரு சுவிஸ் பெடியன் ஹோட்டலுக்கு வந்தானாம். எழுத்துத் தெரியாமல் படம் பார்த்து வரைந்த தமிழ், கொம்புகள் எல்லாம் வளைந்து. இது என்ன சாபம் என்று அக்காவைக் கேட்டானாம்.

“நான் வாசிச்சன், ‘கதவை மெதுவாகச் சாத்தவும்.’ பெடியன் ஆடாமல் அசையாமல் நிண்டான். பிறகு நன்றி சொல்லிப்போட்டுப் போனான். போகேக்க கதவைச் சாத்தினான் பார், பூனை கூட எழும்பியிராது.”

சூரிச்சில் அந்தக் குழுக்கள் வாசிக்கும் நிலவறைக்கு நானும் ஒரு முறை போனேன். உள்ளே சுவர் அதிரும் சத்தம். வாசல் கதவில் நான் கீறிய வாசகத்தின் பெரிய நகல். ஆணி அடித்த பட்டிகளும் சங்கிலிகளுமாக வந்தவர்கள் எல்லோரும், கைப்பிடியைக் கடைசி வரை பிடித்து, சத்தம் வராமல் அதைச் சாத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பல வருடம் முறைப்பாடு செய்து நடக்காத ஒன்று.

இரண்டு பக்கமும்

முதல் தட்டு அச்சிலிருந்து சூடாக இறங்கிய நாளுக்குத் திரும்புகிறேன். ஹெர் கெல்லர் அதை மேலே கொண்டுவந்து, முதல் பக்கத்தைக் கடைசிக் கத்தல் வரை கேட்டார். திருப்பிப் போட்டு இரண்டாம் பக்கத்தையும் கேட்டார். பிறகு விளக்கை இழுத்து, உருப்பெருக்கியால் ஒரு சுழியைப் பார்த்து, திருப்பி, மற்றதைப் பார்த்தார். இப்படித் தட்டைப் பலமுறை புரட்டினார்.

“இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன” என்றார். “வேலைத் தாளில் உள்ளபடி. பிழை இல்லை.”

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தினார். அலுமாரியைத் திறந்து அடுத்த மூலத்தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். மலையடிவாரத்து யோடல் சங்கம் ஒன்று. வெள்ளிவிழாத் தட்டு.

“இதன் வேலைத் தாளில் குறி எதுவும் இல்லை.”

“விளங்குகிறது, ஹெர் கெல்லர்.”

“உங்கள் கைக்கு விளங்குமா?”

ஊசியை எடுக்காமல் இருந்தேன். அவர் என் கையைப் பார்த்தார், பிறகு மேசைப் பலகையைப் பார்த்தார். ஒரு கணக்கைப் போட்டு முடித்தவர் போல மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டார்.

“மேசை உங்களுடையது. மேசையில் நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதலாம். தட்டில் எண் மட்டும்.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, ஓடையில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்.

ஆட்காட்டி விரலால் பலகையின் இடது ஓரத்தில் சுழியைப் போட்டேன். கோடு இரண்டும் இழுத்தேன். பிறகு ஊசியை எடுத்து யோடல் சங்கத்தின் எண்ணை எழுதினேன். எண் மட்டும்.

இன்றைக்கும் அப்படித்தான். பலகையில் அந்த ஓரத்தில் மட்டும் வார்னிஷ் போய்விட்டது. போன மாதம் அறைக்கெல்லாம் புது வார்னிஷ் பூச வந்தவரிடம், அந்த இடத்தை விட்டுவிட்டுப் பூசும்படி ஹெர் கெல்லர் சொல்லிக்கொண்டிருந்தார்.